சாயப்பட்டறைக்கு விழுந்த பூட்டு

பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நீதியும் உலகக் குடிமையும் என்று ஒரு பாடம். அதை நடத்தியவர் எட்டு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். பிள்ளைகள் வைத்த பெயர் 'பூமி சார்'. கல்யாணமாகாதவர். அக்கா வீட்டு மாடியறையில் இருந்தார். அக்காவின் கணவர், இவருக்கு மாமா, ஆற்றோரச் சாயப்பட்டறையில் இருபது வருஷமாகத் தொட்டி வேலை பார்த்தவர். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் நீலம் போகாது.

ஒரு பருவத்தில் சார் மாணவர்களோடு ஆற்றுக்குப் போனார். பதினாறு பாட்டில்களில் தண்ணீர் பிடித்துச் சோதித்தார்கள். ஆற்றில் சாயக்கழிவு கலக்கிறது என்ற முடிவு பத்திரிகையில் வந்தது. பத்தாம் நாள் அதிகாரிகள் வந்து பட்டறையைப் பூட்டி சீல் வைத்தார்கள். வகுப்பில் ஒரே கைதட்டல்.

அன்று சாயங்காலம் மாமா கேட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாப்ளே?"

"சொன்னா முதலாளி காதுக்குப் போயிடுமோன்னு..." சார் இழுத்தார்.

"அப்போ நான் போய்ச் சொல்லிடுவேன்னு நினைச்சிருக்கே."

அன்றோடு மாமா சாரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஐம்பத்திரண்டு வயசுக்காரருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? போன இடமெல்லாம் விரலைப் பார்த்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். முதலாளிக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அறுபது கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஆற்றங்கரையில், வேறு பெயரில் பட்டறை போட்டுவிட்டார். மாமா அங்கேயே போனார், பாதிக் கூலிக்கு. மூன்றாம் மாதம் கழிவுத் தொட்டியை வழிக்க இறங்கியவர் மூச்சுமுட்டிச் செத்துப்போனார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்கா சொன்னாள். "ஆறு நல்லாயிருக்கட்டும்டா. பாடம் நடத்தினது நீ. பரீட்சை எழுதினது அவரு."

வீட்டை விட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவாள். சாரும் சத்தமில்லாமல் எடுத்துச் சாப்பிட்டார். வேறு வீடு பார்க்கவும் இல்லை.

ஆற்றுச் சோதனைக்காக அந்தப் பாடத்துக்கு விருது வந்தது. சாருக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வருஷ வகுப்பில் பூட்டிய பட்டறையின் படத்தை அவர் காட்டியபோது, ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், அங்க வேலை பார்த்தவங்க என்ன ஆனாங்க?"

சார் படத்தை மாற்றினார்.

"வேற பக்கம் வேலை கிடைச்சுப் போயிட்டாங்கம்மா."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.