பலகை அமுங்கும் சத்தம்

மாதவனுக்கு இடது கட்டைவிரல் இருந்தும் இல்லாத மாதிரிதான். மடக்கினால் மடங்கும், நீட்டினால் நீளும். சுடுசோற்றில் வைத்தாலும் ஐஸ்கட்டியில் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

ஓசூர் சிப்காட்டில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் பல வருஷம் நின்றவன். அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இரும்பு இறங்கும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வேலை வேகமாக ஓட வேண்டுமென்று ஒரு பட்டனை அமுக்கியபடியே துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மாதவனும் கட்டினான். ஒருநாள் தகடு சிக்கியது. இடது கையால் எடுக்கப் போனான். வலது கை பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலைத் தைத்துச் சேர்த்தார்கள். உணர்ச்சி சேரவில்லை.

அதன்பிறகு பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்தார்கள். "கம்பெனி டாக்டரம்மா ஊசியால குத்திப் பாப்பாங்க. உணர்ச்சி இருந்தா பழைய வேலை. இல்லன்னா கணக்க முடிச்சிருவாங்க மாதவா, என் கையில ஒண்ணுமில்ல," என்றார் சூப்பர்வைசர் லால் பாஷா. மாதவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெட்டி மடித்தான், ராயக்கோட்டைக்குப் பஸ் ஏறினான், போட்டதைச் சாப்பிட்டான், படுத்தான். விரலோடு சேர்ந்து ஆளும் மரத்துப் போயிருந்தான்.

விரலுக்குப் பயிற்சி ஆகட்டும் என்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆமிர் மாதவனின் போனில் ஒரு கேமை ஏற்றிக் கொடுத்தான். முதுகில் மூட்டையோடு ஒரு குள்ளன் வலது பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பான். வழியில் பெரிய பள்ளம். பள்ளத்துக்கு முன்னால் ஒரு ஸ்பிரிங் பலகை. ஏறி நின்றால் பலகை அமுங்கும்; அடிமட்டம் தொடும்போது இடது கட்டைவிரலால் தட்டினால் குள்ளனை வானத்துக்கு வீசி அக்கரையில் இறக்கும்.

"அடியில தொட்டதும் போன் விர்ருனு ஒரு உதறு உதறும்ணா. பஸ் ஆட்டத்துல கைக்குத் தெரியாது, கண்ணாடியத் தொட்டிருக்கிற விரலுக்குத்தான் தெரியும். தெரிஞ்சதும் தட்டிருங்க," என்றான் ஆமிர்.

மாதவனின் குள்ளன் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான். பிறகு ஒருநாள் கெலமங்கலம் தாண்டும்போது சட்டென்று பறந்தான். அதற்கடுத்த தடவையும் பறந்தான்.

"அண்ணனுக்கு விரல்ல உசுரு வந்துருச்சு!" என்று ஆமிர் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. செய்தி மாதவனுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்தது. மனைவி மோகனப்ரியா கேசரி கிண்டி வைத்திருந்தாள். "எனக்குத் தெரியுங்க, வந்துரும்னு தெரியும்," என்று அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் கேசரியைச் சாப்பிட்டான்.

மறுநாள் டிரைவர் பஸ்ஸில் பாட்டை அலற விட்டார். அன்றைக்குப் பூரா குள்ளன் பள்ளத்திலேயே கிடந்தான். பலகை அமுங்கும்போது 'கிறீச்' என்று மெல்லிய சத்தம் ஒன்று வரும். அதைக் கேட்டுத்தான் நேற்று தட்டியிருக்கிறோம் என்பது மாதவனுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. கேசரி தின்ற வாயால் எப்படிச் சொல்வது? ஒருவேளை கொஞ்சம் உணர்ச்சியும் வந்திருக்கலாம், யார் கண்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சோதனை நாளன்று டாக்டரம்மா அறையில் லால் பாஷா சிரித்த முகத்தோடு கதவோரம் நின்றார். நல்ல சேதி கேட்க வந்திருந்தார்.

"கையை டேபிள் மேல வைங்க. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கங்க. குத்துறது தெரிஞ்சதும் சொல்லணும், சரியா?"

மாதவன் சுவரைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டான். ஃபேன் ஓடியது. வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னுக்குப் போகும் பீப் பீப் கேட்டது. ஊசி மட்டும் எந்தச் சத்தமும் போடவில்லை. வெகுநேரம் காத்திருந்தான்.

"குத்துங்க டாக்டர்," என்றான்.

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "குத்தி எடுத்தாச்சுங்க."

திரும்பிப் பார்த்தான். கட்டைவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. லால் பாஷா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மோகனப்ரியாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்ததும், இத்தனை மாதமாக வராத பயம் வந்தது.