மரபணுவும் வகையறாவும்

தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று காலையிலேயே தம்பியை மாகறல் கோயிலுக்கு அனுப்பிவிட்டோம். காதில் குரல் கேட்பதும் தனக்குத்தானே பேசுவதுமாக அவன் மனநோயில் விழுந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தறியில் உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருப்பான். ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை மட்டுமா பார்க்கிறார்கள்? வகையறாவையே பார்ப்பார்கள்.

வந்தவர்கள் தெருமுனையிலேயே எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். மறைத்த நாங்கள்தான் அசடுகள். காப்பியைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் திரும்பினார்.

"நீங்க சென்னையில இதைத்தான் ஆராய்ச்சி பண்றீங்களாமே? உங்க தம்பிக்கு இருக்குறது பரம்பரையா வர்றதா?"

"நீ படிச்சவன், புரியிற மாதிரி சொல்லுபா" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

சொன்னேன். நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டாலும், இதுதான் காரணம் என்று ஒரு மரபணுவைத் தனியாகப் பிடிக்க முடிவதில்லை. ஒவ்வொன்றின் பங்கும் அவ்வளவு சிறியது. அதனால் உடம்பில் ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் மரபணுக்களைக் கூட்டமாக வைத்து, அந்தக் கூட்டம் மொத்தமாக நோயின் பக்கம் சாய்கிறதா என்று பார்க்கிறோம். நோய் எந்த வழியில் வருகிறது என்று ஓரளவு தெரியும். இன்னாருக்கு வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அப்போ தனியா பார்த்தா ஒண்ணும் தெரியாது, கூட்டத்தோட பார்த்தாதான் தெரியும்ன்றீங்க. நாங்களும் அதைத்தானே பார்த்துக்கினு வர்றோம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சேர்ப்பது ஒரே வேலை செய்கிற மரபணுக்களை. நீங்கள் சேர்ப்பது ஒரே வீட்டில் பிறந்த பாவத்துக்காக மனுஷர்களை! கத்தியிருப்பேன். அதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். "போய் சொல்லி அனுப்புறோம்" என்றார் அவர். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தங்கை பட்டுப்புடவையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் தம்பி விபூதிப் பொட்டலத்தோடு வந்தான். "மாப்ளைக்குப் புடிச்சிருக்குதாக்கா?"

"எனக்குத்தான் புடிக்கலபா" என்று அவள் நெற்றியைக் காட்டினாள். விபூதி பூசும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு வாசலில் வேற்றுக்குரல் கேட்டாலே போதும். யாரும் சொல்லாமலே தறியைவிட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பின்கதவு வழியாக மாகறல் பஸ்ஸுக்குப் போய்விடுவான்.