உப்பு அள்ளிப் போட்ட பழைய சோறு

சுனாமிக்கு அடுத்து வந்த கோடையில் என் மனைவிக்கு டைபாய்டு கண்டது. ஊசியிலும் மாத்திரையிலும் காய்ச்சல் ஓடிவிட்டது. வயிறு மட்டும் சரியாகவில்லை. எதைத் தின்றாலும் கொஞ்ச நேரத்தில் வெளியே ஓட வேண்டும். ஆள் துரும்பாக இளைத்துவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறியது.

எனக்குக் கவலை வந்தாலும் அது கோபமாகத்தான் வரும், பிறவிக் கோளாறு. மரக்காணம் உப்பளத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தோம். நான் பாத்தியில் உப்பை வாருவேன், அவள் கூடையில் சுமந்து வரப்பில் கொட்டுவாள். ஒரு மாதமாக நான் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் அவள் தட்டில் சோறு அப்படியே இருக்கும்.

“சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்? ஏன் இப்படி அடம் புடிக்கிறே?” என்று ஒருநாள் வாசல் வரை கேட்கக் கத்திவிட்டேன்.

“சாப்பிட்டா போவணும். பகல்ல எங்க போறது? நம்ம ஊட்ல கக்கூஸ் இருக்குதா? அளத்துக்கு வந்தாலும் ஒரு செடி மறைவு இருக்குதா? நீங்க ஆம்பளை, உங்களுக்கு என்னா” என்றாள்.

பசியே இல்லை என்று நான் நினைத்திருந்தவள், பசியை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா பரிசோதனை எல்லாம் செய்து பார்த்துவிட்டு, புதிதாக நோய் எதுவும் இல்லை என்றார். “காய்ச்சலுக்குக் குடுத்த மருந்து கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் கொன்னிருக்கலாம். நல்ல கிருமிங்க குடல்ல இருந்தாத்தான் சாப்பிட்டது ஒழுங்கா செரிக்கும், உடம்புக்கும் எதிர்ப்பு சக்தி இருக்கும். மோர் குடுங்க. கொதிக்கவெச்சு ஆறின தண்ணி ஊத்தி, பழைய சோறு குடுங்க. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது, பாப்போம்.”

“கிருமியைத் தின்னவா பஸ் ஏறி வந்தோம்?” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அன்று முதல் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை ஆயிற்று. அதுவரை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் நான். ஊற்றிய கையோடு ஒரு பிடி உப்பையும் அள்ளிப் போட்டேன். சோறு கெட்டுவிடக் கூடாதே. உப்பளத்துக்காரன் வீட்டில் உப்புக்கா பஞ்சம்? பத்து நாள் போயும் வயிறு அப்படியேதான் இருந்தது. சண்டை போடும் எண்ணத்தோடு மறுபடியும் அவளை அழைத்துப் போனேன்.

“எப்படிச் செய்யறீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். பெருமையாகவே சொன்னேன்.

“ஏங்க, கருவாடா போடறீங்க? கருவாட்டுல எதுவும் வளரக் கூடாது, அதுக்கு உப்பு. இதுல நல்ல கிருமி வளரணும். அவ்ளோ உப்புல அது எப்படிங்க வளரும்? சாப்பிடும்போது ஒரு சிட்டிகை போதும்.”

நான் மனைவியைப் பார்த்தேன். “கரிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“மொத மொதல்ல எனக்குன்னு செஞ்சு குடுக்கறீங்க. குறை சொல்ல மனசு வரல” என்றாள். அன்று இரவு உப்பு போடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு சோறு புளித்தது. மோரும் தவறாமல் கொடுத்தேன். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டு நாள் நன்றாக இருப்பாள், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். பிறகு நல்ல நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. சோறும் மோரும் காரணமா, நாள்பட நாள்பட உடம்பே தேறியதா என்று கேட்டால், டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை.

ஆடி மாதம் அவள் மறுபடியும் கூடை தூக்கினாள். முதல் நாள் மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள், நீராகாரத்தையும் குடித்தாள். பிறகு என் வாளியை எட்டிப் பார்த்தாள். அவள் பக்கம் தள்ளினேன். அதையும் சாப்பிட்டாள்.