வெறும் வயிற்றில் ஒரு டீ

என் வீட்டுக்காரருக்குக் கால் கட்டைவிரலில் புண். மழைக்காலத்தில் வந்தது, இன்னும் ஆறவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்து மாதக்கணக்காகிறது.

மனுஷனுக்கு ஊசி என்றால் பயம். தட்டாஞ்சாவடி லேத்துப் பட்டறையில் கையில் ஏறும் இரும்புச் சிலாம்பைத் தானே பிடுங்கிப் போடுகிறவர்தான். ஆனால் ஊசி ஆகாது.

இன்று காலை முத்தியால்பேட்டையில் ஒரு லேபுக்குக் கையோடு கூட்டிப் போனேன்.

"வெறும் வயித்துலதான வந்தீங்க?" என்று ரத்தம் எடுக்கும் பெண் கேட்டாள்.

"டீ குடிச்சிட்டனேம்மா," என்றார்.

வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவர், எதிர்க்கடையில் குடித்திருக்கிறார். போன முறையும் இதே கதைதான்.

அந்தப் பெண் அசரவில்லை. "பரவால்ல சார். மூணு மாச சுகர பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதுக்கு சாப்ட்டிருந்தாலும் ஒண்ணும் இல்ல. கைய நீட்டுங்க."

"வண்டியிலியே சாவிய வுட்டுட்டேன்," என்று நொண்டிக்கொண்டே வெளியே போனார். திரும்பி வரவில்லை.

வெளியே வந்து பார்த்தால், டீக்கடை பெஞ்சில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"உனக்கும் ஒண்ணு சொல்லிட்டேன்," என்றார்.

திட்டத் தெம்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். அவர் கடைக்காரரிடம் கிளாஸை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சக்கர போடுங்க," என்றார்.

உங்கள் வீட்டு ஆளை எப்படித்தான் உட்கார வைத்து ரத்தம் எடுத்தீர்கள்? விரல் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.