வருடத்துக்கு இரண்டு அறுப்பு

போன செவ்வாய்க்கிழமை துபாயில் எங்கள் அல் கூஸ் கிடங்கில் ஆப்பிள் கன்டெய்னர் ஒன்றைத் திறந்து தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் அன்வர் வந்து, "சுருளி பாய் கலாஸ், மேடம்" என்றார். கலாஸ் என்றால் அரபியில் முடிந்தது; வேலையை விட்டுவிட்டாரா என்று கேட்டேன். அன்வர் இல்லையென்று தலையசைத்தார். லீவில் ஊருக்குப் போயிருந்த எங்கள் ஸ்டோர் பொறுப்பாளர் சுருளிவேல் அண்ணன், கம்பம் பக்கத்தில் தன் திராட்சைத் தோட்டத்திலேயே மாரடைப்பில் இறந்துபோயிருந்தார்.

அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் ஜார்ஜியா கதை தெரியும். கேம்ப் ரூமில் அவர் அதைச் சொல்லாத வெள்ளிக்கிழமை குறைவு. அதில் ஓரிடம் தவறு. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

ஒரு பெருநாள் விடுமுறையில் அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஜார்ஜியா நாட்டுக்குப் போனோம். இரண்டாம் நாள் ஓர் ஒயின் கிராமம். பேருந்து வளைவில் திரும்பியதும் சரிவு முழுக்கத் திராட்சை, அதற்கு மேலே பனிமலை. மற்றவர்கள் செல்ஃபிக்கு இடம் தேட, அண்ணன் கொடிகளுக்குள் புகுந்துவிட்டார். "பந்தலே இல்ல மேடம். நம்மூர்ல கொடி தலைக்கு மேல படுக்கும். இங்க நிக்குது."

தோட்டக்காரப் பெரியவர் நிலவறையைக் காட்டினார். ஆள் உயர மண்ஜாடிகளைக் கழுத்துவரை புதைத்து, பாட்டன் காலத்திலிருந்து அவற்றில்தான் ஒயின் ஊறவைக்கிறார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றுக்கு நடுவே நடந்தார். பிறகு, "எங்கூர்ல வருசத்துக்கு ரெண்டு அறுப்புன்னு சொல்லுங்க மேடம்" என்றார். பெரியவரின் மகளுக்கு ஆங்கிலம் தெரியும். இடையில் நான்.

நான் நம்பவில்லை. குளிர்கால உறக்கம் முடிந்துதான் திராட்சை காய்க்கும் என்று கல்லூரியில் படித்தவள். ஊர்ப்பெருமை பேசுகிறார் என்று நினைத்து, எங்கள் பக்கமும் வருடத்துக்கு ஒரே அறுவடைதான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன்.

'ஒன்' என்பது அவர் காதில் விழுந்தது. "ரெண்டுன்னு சொன்னேன் மேடம்." அவ்வளவுதான். பிறகு அவரே பெரியவரிடம் இரண்டு விரலைக் காட்டினார். பெரியவர் அவர் தோளைத் தட்டி, ஒயின் வேலை செய்கிறது என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், நம்மவர்களும்தான். அண்ணனின் முகம் சிறுத்துவிட்டது.

உடனே ஊரிலிருக்கும் தன் தம்பிக்கு வீடியோ கால். "தோட்டத்துலயா இருக்க? போனைத் திருப்பு." திரையில் கவாத்து முடித்த மொட்டைக் கொடிகள். "பக்கத்துத் தோட்டத்துக்கு நட." வெயிலில் அலைய விடுவதாக முணுமுணுத்துக்கொண்டே தம்பி வாய்க்காலைத் தாண்டினார். அங்கே பந்தல் நிறையக் கருநீலக் குலைகள், பெண்கள் அறுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த தோட்டத்தில் பூ. ஒரே நாளில், ஒரே வாய்க்கால் ஓரத்தில், மூன்று பருவம்!

எங்களூரில் கொடி உறங்குவதில்லை, வெட்டினால் மறுபடி தளிர்க்கும், நாலு மாதத்தில் குலை என்றார் தம்பி. இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பெரியவர் போனைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி அண்டை வீட்டாரைக் கூப்பிட்டார். கொடியில் எத்தனை மொட்டுக்கண் விட்டு வெட்டுகிறீர்கள், என்ன உரம் என்று ஆளாளுக்குக் கேள்வி. போன் கைமாறக் கைமாற நானும் பின்னாலேயே ஓடினேன். சாப்பாடு ஆறிப்போனது. யாருக்கும் கவலையில்லை.

துக்கம் விசாரிக்க அவர் மனைவியிடம் பேசினேன். "ரெண்டு அறுப்புன்னு மொதல்ல எடுத்துச் சொன்னது நீங்கதான மேடம்? மேடம் சொல்லியும் அந்தாளு நம்பலைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

உங்களிடமும் அவர் அப்படித்தான் சொன்னார். நான் ஒன்று என்றுதான் சொன்னேன். அதை அவர் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது எனக்குச் சேராத அந்த நல்ல பெயர். இனி இந்தக் கதையை நீங்கள் சொல்லும்போது, மேடம்தான் முதலில் நம்பவில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.