டிரைவர் வேலப்பன் போட்ட தக்கை

முதலில் வண்டியைப் பார், அப்புறம் படகைப் பார் என்பார் வேலப்பன். ஈப்போவிலிருந்து ரிங்லெட் ஏரிக்கு மீன் பிடிக்க வரும் டவுன்காரர்கள், சின்னக் காருக்குப் பின்னால் பெரிய படகை டிரெய்லரில் கட்டி இழுத்து வந்து, என்ஜின் கொதித்து நிற்பதைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"மேல ஏறுறது பெரிசில்ல லா. தாப்பா ரோட்டுல எறங்கும்போது படகு ஒங்க காரையே தள்ளிக்கிட்டுப் போகும். ஏறுன கியர்லயே எறங்குங்க. பிரேக்கை மட்டும் நம்புனா போய்ச் சேர்ந்துருவீங்க."

பேச்சு முரடுதான். ஆனால் தேயிலை எஸ்டேட்டில் இருபது வருஷம் லேண்ட்ரோவர் ஓட்டியவர் சொல்வதில் பிசகு இருக்காது. மலையேறி வந்த டிரெய்லரை உடனே தண்ணீருக்குள் விடாதே, சக்கரம் சூடாக இருந்தால் ஏரித்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பேரிங் கெட்டுவிடும், ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து இறக்கு என்பார். இறகு கட்டிய தூண்டிலைப் பற்றியும் சொல்வார். பெரிய துரையிடம் பார்த்துக் கற்றது அது. அந்தத் தூண்டிலில் முள்ளுக்குக் கனமே கிடையாது, கயிற்றின் கனம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகும். கயிற்றில் சேறு ஒட்டினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்பும் விறகுதான். தினமும் துணியால் துடைத்து, வெயில் படாமல் சுற்றி வை. கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு இறகு போடு.

எல்லாம் சொல்லி முடித்தபின் படகின் பின்பக்கம் போய்க் குனிவார். பின்பலகையின் அடியில், உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்குக் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது அடைபட்டிருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். "தக்கை போட்டாச்சா?" என்று கேட்பார். போட்டாச்சு என்றால் மறுபடியும் கேட்பார். படகு தண்ணீரில் மிதந்த பிறகும் கரையிலிருந்து கத்திக் கேட்பார். தக்கை வேலப்பன் என்று ஊரில் பெயரே வந்துவிட்டது. கூப்பிட்டவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

1974-ல் பெரிய துரைக்கு ஒரு மரப்படகு இருந்தது. எஸ்டேட்டில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால், டிரெய்லரில் நிற்கும்போது தக்கையைக் கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது வேலப்பன் வழக்கம். ஏரியில் இறக்குமுன் போட்டுவிடுவார். அன்று காலை டிரெய்லரைப் பின்னால் விடும்போது லேண்ட்ரோவரின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. துரை அக்கரையில் காத்துக்கொண்டிருந்தார். வேலப்பன் பலகை தேடி, கல் தேடி, வண்டியைக் கரையேற்றப் படாத பாடு பட்டார். அதற்குள் அவருடைய கூட்டாளி ஆண்டியப்பன் படகைத் தள்ளி ஏறிக்கொண்டு, "நீங்க வண்டியப் பாருங்கண்ணே, நான் தொரையக் கூட்டிட்டு வர்றேன்" என்று மோட்டாரைக் கிளப்பிவிட்டான்.

தண்ணீர் அடிப்பலகைக்குக் கீழே சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது. நடு ஏரியில் அவன் பதறி எழுந்து நிற்பதை வேலப்பன் கரையிலிருந்து பார்த்தார். மோட்டார் பக்கம் முதலில் அமிழ்ந்தது. காலில் ரப்பர் பூட்ஸ், மேலே தடிச்சட்டை, நீச்சலும் தெரியாது. அவன் "அண்ணே" என்று ஒரு தரம் கூப்பிட்டான். அவ்வளவுதான்.

படகை இழுத்து வந்தபோது கயிறு கட்ட முதலில் தண்ணீரில் இறங்கியவர் வேலப்பன். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். சட்டைப்பையிலிருந்த தக்கையை எடுத்து, யாரும் பார்க்குமுன் துளையில் வைத்து அழுத்திவிட்டார். இத்தனைக்கும் அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர். படகைச் சுற்றிப் பார்த்த துரை, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, குடித்திருந்தானா என்று கேட்டார்.

"கொஞ்சம் போட்டிருப்பான் போல தொரை" என்றார் வேலப்பன்.

அந்த ஒரு வார்த்தை தொழிலாளர்கள் குடியிருந்த லயம் முழுக்கப் பரவியது. ஆண்டியப்பன் நன்றாகக் குடித்தவன் என்பது எல்லாருக்கும் தெரியும். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக் குடியை விட்டு அப்போது பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. காப்புக் கட்டிய கையோடு குடித்தான், ஆத்தா சும்மா விடுவாளா என்று பேசிக்கொண்டார்கள். அவன் மனைவி திலகமும் அதை நம்பினாள். ஆத்தாவையும் தன்னையும் ஒன்றாக ஏமாற்றிவிட்டான் என்று அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டாள். தீபாவளிக்கு முதல் நாள் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அவள் மாமனாருக்கும் மாமியாருக்கும் போட்டாள், புருஷனுக்குப் போடவில்லை.

வேலப்பனைப் பாரம் பிடித்தது அதற்கப்புறம்தான். டிரெய்லர் கட்டாத நாளிலும், ரிங்லெட் தாண்டி மேடேறினால், பின்னால் யாரோ தொங்குவதுபோல வண்டி திணறும். கியரை இறக்குவார். கண்ணாடியைப் பார்ப்பார். காலிக் கொக்கியும் பனியும்தான் தெரியும். பிரிஞ்சாங் ஒர்க்‌ஷாப்பில் நாகரத்தினம் வண்டியைப் பிரித்துப் பூட்டிவிட்டு, "வண்டி குதிரையாட்டம் இருக்குண்ணே. நீங்கதான் யாரையோ ஏத்திக்கிட்டு வர்றீங்க" என்று கேலி செய்தான். அன்று வேலப்பன் லேண்ட்ரோவரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீடு வந்தார்.

திலகம் இலை போடவில்லை என்று கேள்விப்பட்ட வருஷமே அவர் தன் வீட்டுப் படையலில் ஓர் இலையைக் கூட்டிப் போட ஆரம்பித்தார். அவர் மனைவி வடிவம்மாள் எட்டு வருஷம் பொறுத்தாள். 1983-ல் படையலன்று சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நம்ம வீட்டுல செத்தவங்க நாலு பேரு. அஞ்சாவது யாருக்குங்க?"

மறைக்க முடியவில்லை. தக்கையிலிருந்து துரையிடம் சொன்ன பொய்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வடிவம்மாள் அழவுமில்லை, திட்டவுமில்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த வீட்டுல சோறு இல்லன்னுதான் அவரு இங்க வர்றாரு. கூப்புட்டு வச்சது நீங்க. பொண்டாட்டி கூப்புடாம அவரு எப்படி வீட்டுக்குப் போவாரு? போயி அவகிட்டச் சொல்லுங்க."

சொன்னால் லயத்தில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் ஒருத்தன் சொந்த வீட்டுக்குப் போகமுடியாமல் இன்னும் எத்தனை வருஷம் வெளியே நிற்பது? வேலப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் கடையில் ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர் வாங்கிக்கொண்டார். கூட்டாளிக்குப் பிடித்ததாயிற்றே என்றுதான்.

திலகம் அடுப்படியில் கோழிக்குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். தரையில் இரண்டு இலை போட்டிருந்தது. "வாங்கண்ணே" என்றாள். உட்காரச் சொன்னாள். வேலப்பன் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். அவள் குழம்புச் சட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு அவரு குடிக்கலையா?"

"இல்ல தங்கச்சி. ரிங்லெட்டுல டீ கூட வேணான்னுட்டான். காப்பு கட்டியிருக்கேன், வெளியில கை நனைக்க மாட்டேன்னான்."

"ஒம்போது வருஷமா அவரைப் பட்டினி போட்டுட்டேனே" என்றாள் திலகம். வேலப்பன் அவள் காலில் விழப்போனார். அவள் விலகிக்கொண்டு துணிப்பெட்டியைத் திறந்தாள். படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து வந்த வாழை இலையில் மிச்சமிருந்ததை அறுத்து மூன்றாவதாகப் போட்டு, சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள். இலை நிறைந்த பிறகும் வைத்துக்கொண்டே இருந்தாள். வேலப்பன் ஸ்டவுட் பாட்டிலை இலையோரம் வைக்கப் போனார்.

"அதை எடுத்துட்டுப் போங்க. அவரு நிறுத்திட்டாரு."

பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

"நீங்களும் வெளிய போங்கண்ணே. நீங்க இங்க நின்னா அவரு எப்படிச் சாப்புடுவாரு?"

செத்தவர்கள் சாப்பிடுகிற நேரம் வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பதுதான் வழக்கம். திலகம் வேலப்பனை மட்டும் வெளியே விட்டு, தான் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டாள்.