வெள்ளிக்கிழமைப் பேச்சும் தொங்கிய வயரும்

2007ஆம் ஆண்டு என்று நினைவு. பதுளை பஸாரில் ஒரு முஸ்லிம் முதலாளி நடத்திய கணினிக் கடையில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்பக்கம் போட்டோகொப்பி மெஷின், பின்பக்கம் கழற்றிப் போட்ட கணினிகளின் குவியல், நடுவில் ஒரு ஃபேன், அதற்குக் கீழே நான். ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ரிப்பேர் செய்றவர் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு முதலாளி சலிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "அவங்கதான். சொல்லுங்க." அதைக் கேட்பதற்காகவே நான் காலையில் நேரத்துக்கு வேலைக்குப் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பெரகல சந்திக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பழைய மருந்துக் கட்டடத்தில் தோட்டத்து மக்களுக்காக ஒரு கணினி நிலையம் இருந்தது. கூரையில் வைத்திருந்த டிஷ் வழியாக வரும் இணையத்தை எல்லாக் கணினிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிற சுவிட்ச், முந்தின வாரத்து மின்னலில் கருகிப்போயிற்று. அதற்குப் பதிலாக, கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட 'மெனேஜ்ட் சுவிட்ச்' ஒன்றை முதலாளி தேடிப் பிடித்திருந்தார்.

சாதாரண சுவிட்ச் என்றால் வயரைச் சொருகினால் வேலை செய்யும், அவ்வளவுதான். இது அப்படியில்லை. எந்தத் துளை திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும், எந்தக் கணினி எதோடு பேசலாம் என்றெல்லாம் நாம் சொல்லி வைக்கலாம், சொன்னபடி கேட்கும். நான் அதைப் பற்றிப் படித்திருந்தேனே தவிர, தொட்டதில்லை. சந்தோஷத்தில் காலைச் சாப்பாடே இறங்கவில்லை.

"ரெண்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க தங்கச்சி. வெள்ளிக்கிழமை அவங்களுக்கு முக்கியமாம்" என்றார் முதலாளி. என்ன முக்கியம் என்று அவருக்கும் தெரியவில்லை.

கொழும்பு பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் வயரும் விளக்கும் உள்ள பெட்டியோடு தமிழ்ப்பிள்ளை ஒருத்தி பயணம் செய்வது லேசான காரியமில்லை. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கி, பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கம்பியூட்டர் சாமான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அந்தச் சிப்பாய் ஒவ்வொரு துளையாகக் குனிந்து பார்த்துவிட்டு அனுப்பிவைத்தான். அப்புத்தளையைத் தாண்டும்போது பனிமூட்டம் பஸ்ஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது நினைத்தால் அந்தக் குளிர்கூட இனிப்பாக இருக்கிறது. அன்றைக்குப் பல் கிட்டியது.

நிலையத்தின் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராக வந்து, ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டுப் போகாதவர். எல்லோரும் அவரைச் 'சேர்' என்றுதான் அழைத்தார்கள். என்னைப் பார்த்ததும், "பிள்ளை தனியவோ வந்தனீர்? ஏணியில ஏறுவீரோ?" என்று கேட்டார். ஏறிக் காட்டினேன். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சுவிட்ச் வைக்கிற அறை, முன்பு மருந்து வைத்திருந்த சின்ன அறை. 'வெளியார் உள்ளே வரக்கூடாது' என்று கதவில் ஒட்டியிருந்தார். அந்த விஷயத்தில் மனிதர் மகா கண்டிப்பு.

ஆனால் அன்றைக்கு ஒரு வெளியாளை அவரே உள்ளே விட வேண்டியதாயிற்று. முதல் வேலை எர்த் போடுவது. போன சுவிட்சை மின்னல் தின்றதே அது இல்லாததால்தான். வெளியே மண்ணில் கம்பியை இறக்கி, பச்சை வயரை உள்ளே இழுத்துவர எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் வந்ததிலிருந்தே வாசலில் மகளோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "நான் செய்றேங்க மிஸ், நான் ஃபெக்டரியில வயர்மன்" என்று எழுந்து வந்தார்.

வேலை செய்துகொண்டே விவரம் சொன்னார். அவருடைய மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தார். போகும்போது மகள் தவழ்கிற குழந்தை. இப்போது முன்பல் விழுந்துவிட்டது. இத்தனை வருடத்தில் தொலைபேசியில் குரல் கேட்டதோடு சரி. வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டு மேடம் குடும்பத்தோடு தன் தாய் வீட்டுக்குப் போவாராம். அந்தக் கொஞ்ச நேரம் கணினியைப் பாவிக்க வீட்டுப் பிள்ளைகள் சம்மதித்திருந்தார்கள். இங்கே இரண்டரை மணிக்கு மனைவி அழைப்பார். முதன்முறையாக முகம் பார்த்துப் பேசப்போகிறார்கள். அதற்காக வயர்மன் அண்ணன் அரைநாள் லீவு போட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தச் சட்டையோடுதான் எனக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என் கை தானாகவே வேகமாக ஓடியது. சுவிட்சைச் சுவரில் இறுக்கி, எர்த் வயரை மாட்டினேன். பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்ட் உள்ளே இருந்ததால், தலையில் இருந்த ஹேர்பின்னைக் கழற்றி, பின்பக்கத்து ஊசித்துளையில் அழுத்திப் பிடித்துப் பழையதையெல்லாம் அழித்தேன். என் லெப்டொப்பை ஒரு நீல வயரால் சுவிட்சோடு இணைத்து, புதிய பாஸ்வேர்ட் போட்டேன். கணினிகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. இரண்டு வேலைதான் பாக்கி. ஆளில்லாத துளைகளை மூடுவது ஒன்று. வளையம் விழாமல் தடுக்கிற பாதுகாப்பைப் போடுவது மற்றது. அந்த ரகத்தில் அது தானாக வராது, நாம்தான் போட வேண்டும். வளையம் என்பது வேறொன்றுமில்லை. ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில் சொருகப்பட்டால், சொன்னதையே தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிடும். வேறு யாரும் வாய் திறக்க முடியாது.

அந்த இரண்டையும் தொடங்கும்போதே மண்டபத்திலிருந்து சேர் கூப்பிட்டார். "பிள்ளை, ஓடி வாரும், குவைத்திலயிருந்து மணி அடிக்குது. எனக்கு இது விளங்கேல்லை."

நீல வயரை லெப்டொப்பிலிருந்து பிடுங்கிவிட்டு ஓடினேன். பட்டனை அழுத்தியதும் திரையில் ஒரு முகம் வந்தது. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் தாமதம், ஆனாலும் முகம். வயர்மன் அண்ணன் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏங்க, பாப்பா எங்க?" என்றது திரையிலிருந்து குரல்.

பாப்பா அங்கே இல்லை. முன்பின் தெரியாத அம்மாவைப் பார்க்க வெட்கப்பட்டு எங்கோ ஓடியிருந்தது. "இந்தா கூட்டிக்கிட்டு வாரேன், இரு" என்று அவர் ஓடினார். ஒரு நிமிடத்தில் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தும்விட்டார். ஆனால் அதற்குள் திரை உறைந்துபோயிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்த நிலையில் அந்த முகம் அசையாமல் நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது.

"நேரம் போகுதுங்க மிஸ்" என்றார் அண்ணன். கத்தவில்லை, கெஞ்சவில்லை. அதுதான் என்னைக் கலங்கடித்தது.

சின்ன அறைக்கு ஓடினேன். சுவிட்சில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக வெறி பிடித்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தன. பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று கொழும்புக்காரர்களை மனதுக்குள் திட்டினேன். ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போடலாமா என்று கையைக் கொண்டுபோன போதுதான் நீல வயர் கண்ணில் பட்டது. நான் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்த முனை தொங்கிக்கொண்டல்லவா இருக்க வேண்டும். அது அழகாக, பக்கத்துத் துளையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு முனையும் ஒரே சுவிட்சில்.

நல்ல கோபம் வந்தது எனக்கு. யார் செய்த வேலை இது என்று பல்லைக் கடித்துக்கொண்டே வயரைப் பிடுங்கினேன். விளக்குகள் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தன.

அதற்குள் சேர் கதவருகில் வந்து நின்றார். என் கையில் இருந்த வயரைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "ஆர் இதில கை வைச்சது? இதுக்குத்தானே எழுதி ஒட்டினனான். இனி ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டன். வெள்ளிக்கிழமைப் பேச்சும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அவருக்குப் பின்னால், மகளைத் தோளில் போட்டபடி வயர்மன் அண்ணன் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. என் கோபமும் போன இடம் தெரியவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயங்களில் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்குக் காத்திருந்த குடும்பங்கள் இன்னும் எத்தனையோ இருந்தன. சேர் சொன்னால் செய்துவிடுகிறவர்.

"அது என்னோட வயர் சேர். நான்தான் கழட்டி அப்படியே போட்டுட்டு வந்தேன்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சேர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கவனமாச் செய்யும் பிள்ளை" என்றதோடு விட்டுவிட்டார்.

மண்டபத்துக்குத் திரும்பி வந்து காத்திருந்தோம். அங்கே மேடம் வந்துவிட்டாரா, அண்ணனின் மனைவி மனம் வெறுத்து எழுந்து போய்விட்டாரா, ஒன்றும் தெரியாது. இங்கிருந்து அழைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாராம். நான் கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டேன். அப்போது மணி அடித்தது.

இந்த முறை குழந்தை அப்பாவின் மடியிலேயே இருந்தது. முகத்தை அவர் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு அசையவில்லை. "பல்லு விழுந்திருச்சாமே, எலி கொண்டுபோயிருச்சா? அம்மாகிட்ட காட்டு பாப்போம்" என்றார் அந்தத் தாய். குழந்தை மெல்லத் திரும்பி, உதட்டைக் கையால் தூக்கி, ஓட்டைப் பல்லைக் காட்டியது. டிஷ் வழியாகப் போய்வருகிற தாமதம் அது. இங்கே காட்டி, சுற்றி நின்ற நாங்கள் சிரித்து முடித்த பிறகுதான் அங்கே அவர் சிரிப்பது தெரிந்தது. சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அண்ணன் கடைசியில் வாய் திறந்து கேட்டது, "அங்க மழையா?" என்றுதான். "இங்க ஏதுங்க மழை" என்றார் அவர். பிறகு, "நீங்க என்ன இவ்ளோ மெலிஞ்சிட்டீங்க" என்றார். உடனே திரும்பிப் பார்த்து, "வந்துட்டாங்க, வைக்கிறேன்" என்றார். திரை கறுத்தது. சேர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

பாக்கி வேலையை முடிக்கத் திரும்பி வந்தபோது, கதவுக்கு வெளியே நின்றபடி அண்ணன் சொன்னார். "நான்தாங்க மிஸ் சொருகுனேன்."

"தெரியும் அண்ணே."

"பாப்பா உள்ள நின்னுச்சு. அந்த வயர்கிட்ட கைய கொண்டுபோச்சு. எங்க ஃபெக்டரியில ஒருக்கா வயர் ஒண்ணு அறுந்து தொங்குச்சுங்க. பாத்தவங்க எல்லாம் யாராச்சும் கட்டுவாங்கன்னு போயிட்டாங்க. என்கூட வேலை செஞ்ச பையன் அதுல போயிட்டான். அதுக்கப்புறம் எங்களுக்குள்ள ஒரு வழக்கம். தொங்குற முனைய எவன் பாக்குறானோ அவன்தான் முடிக்கணும், அந்த எடத்துலயே. யோசிக்கலைங்க. ஓட்ட இருந்துச்சு, சொருகிட்டேன்."

மகளைக் காப்பாற்றத்தான் சொருகியிருக்கிறார். அந்தக் கையாலேயே மனைவியின் முகத்தைத் திரையிலிருந்து மறைத்துவிட்டோமே என்று அந்தச் சில நிமிடங்கள் மனிதர் என்ன பாடுபட்டிருப்பார். அந்த வயரில் ஷாக் அடிக்காது என்று விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலியான துளைகளை மூடினேன். வளையத் தடுப்பையும் போட்டேன். சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு துளையை மட்டும் திறந்து வைத்து, நீல வயரின் முனையை அவர் கையில் கொடுத்தேன். "இப்ப சொருகுங்க அண்ணே."

அவர் வாங்கவே பயந்தார். நான் விடவில்லை. கடைசியில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சொருகினார். அந்தத் துளையின் விளக்கு மட்டும் அணைந்தது. மற்றவை தம் பாட்டில் மின்னிக்கொண்டிருந்தன.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். "அப்ப இது நம்மள மாதிரி ஆளுங்களுக்காகவே செஞ்சதுங்களா மிஸ்?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் முதல்முறையாகச் சிரித்ததும் அப்போதுதான். கடைசியில், திறந்திருந்த அந்தத் துளையையும் மூடிவிட்டுப் புறப்பட்டேன்.

தீபாவளி கழிந்து சில நாளில், பஸ் கண்டக்டர் ஒருவர் கடையில் ஒரு பொதியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நல்ல வாசமான தேயிலைத்தூள். "பெரகலயில ஒருத்தர் குடுத்தாரு. குவைத்திலேருந்து அவர் வீட்டுக்காரம்மா தீபாவளிக்கு வந்துட்டாங்களாம், மிஸ்கிட்ட சொல்லச் சொன்னாரு" என்றாராம். பொதியைக் கட்டியிருந்த நூலின் முனையைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெளியே தெரியாமல் மடித்து உள்ளே செருகியிருந்தார். கடையில் எல்லோரும் பார்க்க, நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இப்போது அந்த முதலாளியும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. நான் எத்தனையோ பெரிய அலுவலகங்களில் எத்தனையோ சுவிட்சுகள் பொருத்திவிட்டேன். இன்றைக்கும் வளையத் தடுப்பைப் போட்ட பிறகுதான் அடுத்த வேலை. ஒரு நிமிடம் எழுந்து போவதென்றாலும் வயர் முனையைச் சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் போவேன். "எதற்கு மேடம், யார் தொடப்போகிறார்கள்?" என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும், உதட்டைக் கையால் தூக்கித் தன் அம்மாவுக்கு ஓட்டைப் பல்லைக் காட்டிய அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டுதான் அந்த முடிச்சைப் போடுகிறேன்.